வயதானவர்களை ஏன் ஒதுக்குகிறோம், வயதானவர்கள் ஏன் தங்களையே ஒதுக்குகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கல்லூரிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களிலும் முதுமை பற்றிப் பேசப் போவேன். மைக்கைக் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது ஓரமாக வந்து கேட்பார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவைதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

வயதுப் பாகுபாடுன்னா என்ன? பெரியவங்களைத் திட்டுறது, அடிக்கிறதா?

அது கடைசிக் கட்டம். ஒருவருடைய வயதை மட்டும் வைத்து அவரைப் பற்றி நாம் நினைப்பது, உணர்வது, அவரிடம் நடந்துகொள்வது எல்லாமே இதில் அடங்கும். "அறுபது தாண்டிட்டா புதுசா எதுவும் ஏறாது" என்பது நினைப்பு. வயதானவர் பக்கத்தில் அதிக நேரம் உட்கார வேண்டியிருந்தால் உள்ளுக்குள் வருகிற நெளிவு, உணர்வு. பாஸ்புக் அம்மா கையில் இருக்கும்போது, "எவ்வளவு எடுக்கணும்?" என்று பக்கத்தில் நிற்கும் மகனைப் பார்த்து வங்கிக் கவுண்டரில் கேட்பது, நடத்தை. அப்படிக் கேட்டவர் அந்த அம்மாவை அவமதித்ததாகக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இதற்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1969-ல் வாஷிங்டனை ஒட்டிய செவி சேஸ் பகுதியில் ஒரு கட்டடத்தை வசதியில்லாத முதியவர்களுக்கான குடியிருப்பாக மாற்றத் திட்டம் வந்தது. அக்கம்பக்கத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். நிறத்தை வைத்து ஒதுக்குவதைப் போல இதுவும் ஒரு பாகுபாடுதான் என்றார் பட்லர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். 1975-ல் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் ஆனார்.

மற்ற பாகுபாடுகளிலிருந்து இது ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. ஒரு சாதியை இழிவாக நினைப்பவர் நாளைக்கு அந்தச் சாதிக்காரர் ஆகிவிடப் போவதில்லை. வயதானவர்களை இழிவாக நினைப்பவரோ, ஆயுள் இருந்தால், ஒருநாள் வயதானவர் ஆகியே தீருவார். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

நம்ம ஊர்ல பெரியவங்க கால்ல விழுறோம். இதெல்லாம் வெள்ளைக்காரங்க பிரச்சினை இல்லையா?

காலில் விழுவது வேறு, கருத்துக் கேட்பது வேறு. கல்யாணத்தில் தாத்தாவை முன்வரிசையில் உட்காரவைத்து ஆசீர்வாதம் வாங்குவோம். அந்தக் கல்யாணத்தை எந்த மண்டபத்தில், எவ்வளவு செலவில் நடத்துவது என்று பேசியபோது அவரைக் கூப்பிட்டிருந்தோமா?

சூசன் ஃபிஸ்க், ஏமி கடி போன்ற உளவியலாளர்கள் 2002-ல் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார்கள். யாரைப் பார்த்தாலும் நம் மனம் இரண்டு கேள்வி கேட்கிறது: இவர் நல்லவரா, இவர் திறமையானவரா? முதியவர்களுக்குப் பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியில் நல்ல மதிப்பெண் போடுகிறார்கள், இரண்டாவதில் குறைத்துவிடுகிறார்கள். "பாவம், நல்ல மனுஷன், ஆனா ஒண்ணும் தெரியாது." இந்தக் கலவையிலிருந்து பிறக்கும் உணர்வு பரிதாபம். வெளியிலிருந்து பார்த்தால் பரிதாபத்துக்கும் மரியாதைக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் குரல் தணியும், இரண்டிலும் எழுந்து இடம் கொடுப்போம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, 57 நாடுகளில் 83,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த தகவலை வைத்து, இருவரில் ஒருவரிடம் வயதுப் பாகுபாடான மனப்போக்கு இருப்பதாகச் சொன்னது. வருமானம் குறைந்த நாடுகளில்தான் அது அதிகமாக இருந்தது. கிழக்கு நாடுகளையும் மேற்கு நாடுகளையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை மைக்கேல் நார்த்தும் ஃபிஸ்க்கும் 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். கிழக்கில் முதியவர் மேல் மதிப்பு அதிகம் என்ற பொது நம்பிக்கை அதில் நிற்கவில்லை. முதியவர் எண்ணிக்கை வேகமாகக் கூடும் நாடுகளில் மனக்கசப்பும் கூடியிருந்தது. தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பெற்ற பிள்ளைகள் சோறு போட வேண்டும் என்பதற்கே 2007-ல் நாட்டில் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சின்ன வயசுக்காரங்களுக்கு வயசானவங்களைக் கண்டா ஏன் ஒதுங்கத் தோணுது?

பயம். "எனக்கென்ன பயம்?" என்று அவர்களே கேட்கும் அளவுக்கு ஆழத்தில் இருக்கும் பயம். இதை விளக்க ஒரு கோட்பாடு இருக்கிறது. எர்னஸ்ட் பெக்கர் என்ற மானுடவியலாளரின் சிந்தனையிலிருந்து கிரீன்பெர்க், சாலமன், பிஷின்ஸ்கி என்ற மூன்று உளவியலாளர்கள் 1980-களில் வளர்த்தெடுத்தது. தான் சாகப்போவது மனிதனுக்குத் தெரியும். அந்த நினைப்பை எந்நேரமும் சுமந்துகொண்டு வாழ முடியாது. அதனால் மனம் அதைத் தள்ளிவைக்க அழகு, வேலை, பேர், சம்பாத்தியம் என்று பல ஏற்பாடுகளைச் செய்துகொள்கிறது.

வயதானவர் எதிரே வந்து நின்றால் இந்த ஏற்பாடு கலைகிறது. சாவு நினைவுக்கு வருகிறது. உடம்பு உடம்புதான், தளரும், ஒழுகும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எந்த அழகையும் வேகத்தையும் வைத்து "நான் மதிப்புள்ளவன்" என்று நம்புகிறோமோ, அதுவும் நிலைக்காது என்று புரிகிறது. ஆண்டி மார்டென்ஸும் அவருடைய குழுவினரும் 2004-ல் இதைச் சோதித்தார்கள். முதியவர்களின் புகைப்படங்களைப் பார்த்த கல்லூரி மாணவர்களுக்கு, எழுத்து விடுபட்ட சொற்களை நிரப்பும்போது மரணம் தொடர்பான சொற்கள் அதிகம் வந்தன. இன்னொரு சோதனையில் மாணவர்களுக்கு முதலில் மரணத்தை நினைவூட்டினார்கள். உடனே முதியவர்களிடமிருந்து விலகிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? முதியவர்களோடு தங்களுக்கு ஒற்றுமை இருப்பதாக முன்பு சொல்லியிருந்தவர்கள்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதியவர் நமக்கு அந்நியர் என்பதால் ஒதுங்குகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அவரிடம் நம்மையே பார்த்துவிடுவதால்தான் ஒதுங்குகிறோம்.

அப்போ "நீயும் ஒருநாள் கிழவன் ஆவே"ன்னு சொன்னா திருந்திடுவாங்களா?

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதையைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நல்ல பழமொழி. ஆனால் மிரட்டலாகச் சொன்னால் பலிக்காது என்பது என் எண்ணம். முந்தின பதிலில் சொன்ன பயம்தான் மூலம் என்றால், அந்தப் பயத்தையே இன்னும் கொஞ்சம் கிளறிவிட்டு அன்பை எதிர்பார்க்க முடியாது. பயந்தவன் இன்னும் தள்ளித்தான் போவான்.

முதுமையை ஒரு தண்டனையாகக் காட்டாமல், அதில் வாழ்கிற ஒரு மனிதரை அறிமுகப்படுத்துவது வேறு மாதிரி வேலை செய்யும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

பயம் மட்டும்தான் காரணமா? என் பையனுக்குச் சாவு பயமெல்லாம் இல்லை. தாத்தா ஓவரா பேசுறார்னு எரிச்சல்தான்.

மற்ற காரணங்களும் உண்டு. ஒன்று, "நாங்க", "அவங்க" என்று பிரிப்பது. டஜ்ஃபெல், டர்னர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-ல் எழுதியது போல, தன் கூட்டத்தை உயர்த்திப் பார்த்துத் தன்னையும் உயர்த்திக்கொள்வது மனித சுபாவம். பள்ளி, ஹாஸ்டல், ஐ.டி. கம்பெனி என்று ஒரே வயதுக்காரர்களோடு இருபது வருஷம் ஓட்டும் பிள்ளைக்கு, முதியவர் என்பவர் ஒரு கூட்டம்தான், தனி ஆள் கிடையாது. சினிமா காமெடியில் காது கேட்காத தாத்தாவும், கதையில் சூனியக்காரக் கிழவியும் சின்ன வயதிலேயே உள்ளே போயிருக்கிறார்கள்.

இன்னொன்று, போட்டி. நார்த், ஃபிஸ்க் இருவரும் 2013-ல் இளைஞர்களின் எதிர்பார்ப்புகளை மூன்றாகப் பிரித்தார்கள். பெரியவர்கள் பதவியையும் சொத்தையும் காலத்தோடு விட்டுக்கொடுக்க வேண்டும். பொதுவில் இருப்பதை அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. இளைஞர்களின் இடத்துக்கு, உடைக்கு, பேச்சுக்கு வந்து ஒட்டக் கூடாது. இந்த எழுதாத விதிகளை மீறும் முதியவர் மேல்தான் எரிச்சல் வருகிறது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்பது மூன்றாவது விதி. உங்கள் பையன் விஷயத்தில், தாத்தா பேசுவது அதிகமா, அல்லது இனி ஒதுங்கியிருக்க வேண்டியவர் பேசுகிறார் என்ற எரிச்சலா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள்.

அரசு ஊழியர் ஓய்வு வயசை ஏத்துனாங்களே, எங்க வாய்ப்பு போச்சே. இந்தக் கோபமும் தப்பா?

கோபம் தப்பில்லை. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. போட்டித் தேர்வுக்கு வருஷக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பவருக்குக் காலியிடம் தள்ளிப்போவது உண்மையான நஷ்டம். நாட்டின் மொத்த வேலைகளும் எண்ணி வைத்தவை அல்ல, முதியவர் வேலை செய்தால் இளைஞருக்கு அதே அளவு குறைந்துவிடாது என்று பொருளாதார வல்லுநர்கள் சொல்வார்கள். ஆனால் அரசுப் பணியிடங்கள் எண்ணி வைத்தவைதான்.

முடிவெடுத்தது அரசு. கோபம் போய் விழுவது பக்கத்து மேசையில் இருக்கும் 59 வயதுக்காரர் மேல். "கிழடு இடத்தைக் காலி பண்ண மாட்டேங்குது" என்ற பேச்சு அப்படித்தான் பிறக்கிறது.

வயசானவங்களே வயசானவங்களைக் கிண்டல் பண்றாங்களே, அது எப்படி?

எல்லா ஊரிலும் கேட்கப்படும் கேள்வி இது. எழுபத்திரண்டு வயதுக்காரரை மூத்த குடிமக்கள் சங்கத்துக்குக் கூப்பிட்டால், "அங்க எல்லாம் கிழவனுங்களா உக்காந்திருப்பானுங்க, நான் வரல" என்பார். பொய் சொல்லவில்லை அவர். உண்மையிலேயே தன்னை அந்தக் கூட்டத்தில் அவர் சேர்க்கவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி இதற்குக் கொடுத்த விளக்கம் தெளிவானது. முதுமை பற்றிய இழிவான எண்ணங்கள் சின்ன வயதிலேயே உள்ளே வந்துவிடுகின்றன. அப்போது அவை நம்மைப் பற்றியவை இல்லை என்பதால் எதிர்த்து ஒரு கேள்வி கேட்க மாட்டோம். நாற்பது, ஐம்பது வருஷம் அவற்றை வைத்துக்கொண்டே வாழ்கிறோம். ஒருநாள் அவை நம்மைப் பற்றியவை ஆகிவிடுகின்றன. சாதியாலோ நிறத்தாலோ ஒதுக்கப்பட்டவருக்கு, பிறந்ததிலிருந்து அதை எதிர்த்து நிற்கச் சொல்லிக்கொடுக்க ஒரு குடும்பம், ஒரு சமூகம் இருக்கும். முதுமைக்குள் நுழைபவருக்கு அப்படி எந்தப் பயிற்சியும் கிடையாது. அறுபது வருஷம் எதிரணியில் ஆடிவிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார்.

அப்போது அவருக்கு இருக்கும் சுலபமான வழி, "கிழவன் என்பவன் வேறொருவன்" என்று சொல்லிவிடுவது. பெர்னிஸ் நியூகார்டன் என்ற முதுமை ஆய்வாளர் 1974-லேயே முதியவர்களை இளம் முதியவர், முதிர்ந்த முதியவர் என்று பிரித்துப் பேசினார். ஆய்வு வசதிக்காகச் செய்த அந்தப் பிரிவை முதியவர்களே மனதுக்குள் கோடாகப் போட்டுக்கொள்கிறார்கள். நடக்க முடிந்தவர் வாக்கர் பிடித்தவரைப் பார்த்து ஒதுங்குகிறார். வாக்கர் பிடித்தவர் படுக்கையில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார். இளைஞரிடம் இருந்த அதே பயம்தான், தூரம்தான் குறைந்துவிட்டது. இளைஞனுக்கு எழுபது வயது ஒரு கதை. எழுபதுக்கு எண்பத்தைந்து என்பது அடுத்த தெரு.

"எனக்கு மனசுல இன்னும் முப்பதுதான்"னு அம்மா சொல்றாங்க. இது நல்லதா, கெட்டதா?

ரொம்ப இயல்பானது. ரூபின், பெர்ன்ட்சன் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது தாண்டியவர்கள் சராசரியாகத் தங்கள் வயதை விட 20 சதவீதம் குறைவாகத் தங்களை உணர்ந்தார்கள். அறுபது வயதுக்காரருக்கு நாற்பத்தெட்டு. அப்படி உணர்பவர்கள் பொதுவாகத் தெம்பாகவும் இருக்கிறார்கள். கடற்கரையில் நடக்கவும், புதிதாகப் பாட்டுக் கற்றுக்கொள்ளவும் அது உதவும் என்றால் நல்லதுதான்.

அந்த முப்பது எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். "எனக்கு இது பிடிக்கும், இதைச் செய்ய முடியும்" என்பதன் மேல் நின்றால் கவலையில்லை. "நான் அந்தக் கெழவிங்க மாதிரி இல்லை" என்பதன் மேல் நின்றால், ஒரு இடுப்பு எலும்பு முறிவில் எல்லாம் சரிந்துவிடும். பல வீடுகளில் நான் பார்ப்பது இது: முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய காது மிஷின் பீரோ டிராயரில், வாங்கிய டப்பாவிலேயே, பேட்டரியின் ஸ்டிக்கர் கூடப் பிரிக்காமல் இருக்கும். கைத்தடி கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். போட்டுக்கொண்டால் வயது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம். காது கேட்காதவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சிலிருந்து விலகுகிறார். பார்ப்பவர்கள் "பெருசுக்குப் புத்தி மந்தமாயிடுச்சு" என்கிறார்கள். எந்தப் பெயருக்குப் பயந்து மிஷினை மறைத்தாரோ, அந்தப் பெயரே வந்து சேர்கிறது.

வெறும் நினைப்பு உடம்பைக் கெடுக்குமா? நம்புற மாதிரி இல்லையே.

எனக்கும் இதைச் சொல்லும்போது அளந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில், ஐம்பது வயது தாண்டிய 660 பேரின் தகவல்களை லெவி எடுத்துப் பார்த்தார். தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள், மோசமாகப் பார்த்தவர்களை விட சராசரியாக ஏழரை வருஷம் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். 2002-ல் வந்த ஆய்வு. வயது, ஆண்-பெண், வசதி, உடல்நிலை, தனிமை இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் இருந்தது. நினைப்புதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து போகின்றன என்று சொல்லலாம்.

எப்படிச் சேர்ந்து போகும்? "வயசாச்சு, இனி என்ன" என்பவர் மாத்திரையைத் தவறவிடுவார், நடைப்பயிற்சியை விடுவார், பிசியோதெரபிக்கு இரண்டாம் நாள் போக மாட்டார். இது நடத்தை வழி. தன்னை யாரோ எடைபோடுகிறார்கள் என்ற பதற்றம் இன்னொரு வழி. தமாரா ரஹால், லின் ஹாஷர் குழுவினர் 2001-ல் செய்த சோதனை எனக்குப் பிடித்தது. இளையவர்கள், முதியவர்கள் இரு தரப்புக்கும் ஒரே வேலை. "இது ஞாபக சக்திச் சோதனை" என்று அழுத்திச் சொன்னபோது முதியவர்கள் பின்தங்கினார்கள். அந்தப் பேச்சை எடுக்காமல் அதே வேலையைக் கொடுத்தபோது வித்தியாசம் மறைந்துவிட்டது.

ஆனா வயசானா மறதி வர்றது உண்மைதானே? உண்மையைச் சொன்னாலும் பாகுபாடா?

வேகம் குறையும், அது உண்மை. ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பது கடினமாகும். பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கும். ஆனால் சொல்வளமும் உலக அனுபவமும் வெகுகாலம் குறையாமல் நிற்கின்றன. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் முதுமையில்தான் அதிகம். இருபது வயதுக்காரர்கள் பத்துப் பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி மாடிப்படி ஏறுவார்கள். எழுபது வயதுக்காரர்கள் பத்துப் பேரில் ஒருவர் மலை ஏறுவார், ஒருவருக்குத் திண்ணை ஏற முடியாது. "வயசானவங்க" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அதனால்தான் பாதி ஆட்களுக்குப் பொருந்தாமல் போகிறது.

இதில் உண்மையான ஆபத்து வேறு. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் ஒரு நோய்தான், முதுமையின் இயல்பு கிடையாது. மறதியும் சோர்வும் தைராய்டு குறைவால் வரலாம், பி12 குறைவால் வரலாம், மனச்சோர்வால் வரலாம், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஐந்தாறு மாத்திரைகளால் வரலாம். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் டாக்டரிடம் போவதே நின்றுவிடும். டாக்டரே சொன்னால், இன்னொரு டாக்டரிடம் போங்கள்.

நான் பாசத்துலதான் எல்லாத்தையும் செஞ்சு கொடுக்கிறேன். அதுவும் தப்பா?

பாசம் தப்பில்லை. செல்போனில் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்பா ஜிபேயில் பணம் அனுப்பப் பார்க்கிறார். கட்டைவிரலை அந்த ஆப்பின் படத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறார், ஏனென்றால் அவர் பழகிய பட்டன்கள் எல்லாம் அழுத்தினால்தான் வேலை செய்யும். திரை உடனே ஆப்பை நீக்கவா என்று கேட்கிறது. பதறிப்போய் நிமிர்கிறார். "குடுங்கப்பா" என்று வாங்கி நீங்கள் ஐந்து நொடியில் முடித்துவிடுகிறீர்கள். மூன்று முறை இப்படி நடந்தால் நான்காவது முறை அவர் முயற்சி செய்ய மாட்டார். "அப்பாவுக்கு இதெல்லாம் வராது" என்று நீங்கள் நம்புவீர்கள், அவரும் நம்புவார். லேசாகத் தொட்டுவிட்டு விரலை எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு இதைத் தொடுகிறது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, வளர்க்க ஒரு செடியையும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தில், எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அங்கே இருந்த செடிகளுக்கும் ஊழியர்களே தண்ணீர் ஊற்றினார்கள். சில வாரங்களில் முதல் தளத்துக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் சந்தோஷத்தோடும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் வீட்டுக்குள் செய்து பார்க்கச் செலவில்லாத ஒன்று.

பெண்களுக்கு இது வேற மாதிரி இருக்கா?

இருக்கிறது. நரைத்த ஹீரோவுக்கு இருபத்தைந்து வயது ஜோடி, நாற்பது வயது நடிகைக்கு அம்மா வேஷம் என்பதை நாம் கேள்வி கேட்காமல் பார்த்து வளர்ந்திருக்கிறோம். மூன்றாம் பதிலில் சொன்ன மதிப்புப் பிரச்சினை இங்கே சீக்கிரமே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் பெண்ணின் மதிப்பை உருவத்தோடு அதிகம் கட்டி வைத்திருக்கிறோம். கணவர் போன பிறகு வங்கிக் கணக்கு முதல் புடவை நிறம் வரை மற்றவர்கள் முடிவெடுப்பதும் சேர்ந்துகொள்கிறது. ஔவை கல்யாணத்திலிருந்து தப்பிக்க இளமையிலேயே கிழவி ஆக்கும்படி பிள்ளையாரிடம் வேண்டினாள் என்று ஒரு கதை சொல்வார்கள். பெண் தன் இஷ்டப்படி ஊர் சுற்றிப் பாட வேண்டும் என்றால் கிழவியாகத்தான் வேண்டும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

"உனக்கு என்ன தெரியும், நேத்துப் பிறந்தவன்"னு பெரியவங்க சொல்றது பாகுபாடு இல்லையா?

அதுவும் பாகுபாடுதான். வயதுப் பாகுபாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் விளக்கம் எந்த வயதுக்கும் பொருந்தும். ஐரோப்பாவில் வயதால் ஒதுக்கப்பட்டதாக மற்ற வயதினரை விட இளையவர்களே அதிகம் சொல்கிறார்கள் என்றும் அதன் 2021 அறிக்கையில் இருக்கிறது. வேலையும் பதவியும் போன பிறகு, அனுபவம் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்று நினைப்பவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவரிடம் வேறு எதற்காகவாவது யாராவது வந்து நின்றால் பிடி தளரும்.

"பாரமா இருக்கேன், சீக்கிரம் போயிடணும்"னு பாட்டி சொல்றாங்க. அது வயசான பக்குவம்தானே?

இரண்டு வகை உண்டு. "நல்லா வாழ்ந்துட்டேன், எப்ப வந்தாலும் சரி" என்பது ஒன்று. இதில் பாரம் என்ற சொல்லே வராது. "என்னால உங்களுக்குத் தொந்தரவு", "எனக்கு எதுக்குக் கண் ஆபரேஷன், இன்னும் எத்தனை நாள்" என்பது இன்னொன்று. வாழ்நாளெல்லாம் உழைப்பை வைத்தே மனிதரை அளந்த ஒருவர், உழைக்க முடியாத தன்னையும் அதே அளவுகோலால் அளந்து, தேறவில்லை என்று முடிவு செய்கிறார். பல சமயம் இதன் அடியில் மனச்சோர்வு இருக்கும். அது குணப்படுத்தக்கூடியது.

நம் தென்மாவட்டங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்ற பெயரில் நோயாளி முதியவர்களின் உயிரைக் குடும்பமே முடித்துவைத்தது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசும்போது "அவங்களே கேட்டாங்க" என்பார்கள். சுற்றியிருக்கும் எல்லோருடைய முகத்திலும் தான் ஒரு பாரம் என்று படித்த பிறகு ஒருவர் கேட்பதை அவருடைய சொந்த விருப்பம் என்று என்னால் ஏற்க முடியாது. அம்மா, பாட்டி இப்படிப் பேசினால் அதட்டி நிறுத்தாதீர்கள், சிரித்துக் கடக்காதீர்கள். "எது உங்களை அப்படி நினைக்க வைக்குது?" என்று கேட்டு உட்காருங்கள். முதியவர்களுக்கான உதவி எண் 14567. மனநல உதவிக்கு 14416. இரண்டும் இலவசம்.

சரி, இதை மாத்த முடியுமா? நாங்க பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்துல சாப்பாடு போடுறோம்.

சட்டம், கல்வி, தலைமுறைகள் பழகுவது ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மூன்றாவது நம் கையில் இருக்கிறது. ஆனால் எப்படிப் பழகினாலும் பலன் வந்துவிடாது. இரு தரப்பும் சமமாக நின்று, ஒரே வேலையைச் சேர்ந்து செய்தால்தான் தப்பெண்ணம் குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொன்னார்.

பிறந்தநாள் சாப்பாட்டில் நீங்கள் கொடுப்பவர், அவர் வாங்குபவர். ஒரு மணி நேரம். பிள்ளைகள் பார்ப்பது வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களை, பிறகு ஒரு போட்டோ. இரண்டாம் பதிலில் சொன்ன பரிதாபம்தான் இதில் வளரும். சாப்பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, பசிக்கு அது தேவை. கூடவே வேறொன்றும் செய்யுங்கள். ஒரு கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம், ஊரின் பழைய கண்மாய், வாய்க்கால் வழிகளைப் பெரியவர்களோடு நடந்து வரைபடமாக வரையச் சொல்லலாம் என்று யோசனை சொன்னேன். போய் வந்த மாணவர்கள் "அந்தத் தாத்தா" என்று சொல்லவில்லை, பெயர் சொல்லிப் பேசினார்கள். மடை எங்கே இருந்தது என்பதில் இரண்டு பெரியவர்களுக்குள் நடந்த சண்டையைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேச்சு.

என் அப்பாவுக்கு உண்மையிலேயே டிமென்ஷியா. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். பராமரிப்பவர்கள் முதியவரிடம் குழந்தையிடம் பேசுவது போல, "சமத்தா வாயைத் திறங்க, செல்லம்ல" என்று இழுத்துப் பேசுவதைக் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர் வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். 2009-ல் வந்த அந்த ஆய்வில், அப்படிப் பேசும்போது டிமென்ஷியா உள்ளவர்கள் ஒத்துழைக்க மறுப்பது கூடியிருந்தது. தன்னை மட்டம் தட்டுகிறார்கள் என்பது, பெயர்கள் மறந்த பிறகும் புரிகிறது.

வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். ஹோம் நர்ஸ் வைத்திருந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள். அப்பா எதிரிலேயே, அவர் இல்லாதது போல, நேற்று இரவு படுக்கையை நனைத்த விஷயத்தை உறவினரிடம் பேசாதீர்கள். முடிவெடுக்கும் வாய்ப்பை மொத்தமாகப் பறிக்காமல் சின்னதாக்கிக் கொடுங்கள். இரண்டு சட்டையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் கையை நீட்டுவார். மூன்றாவது சட்டையை எடுக்க வேண்டாம், அதிகமானால் குழம்பிவிடுவார். பதில் வர நேரம் ஆகும், அதற்குள் நீங்களே ஒன்றைப் போட்டுவிடாதீர்கள்.